மூட்டைக்கு ஒரு தரை

டைல்ஸ்காரருக்கு முழங்கால் இரண்டும் கெட்டுப்போய்ப் பல வருஷமாகிவிட்டது. இளவயதிலிருந்து மண்டியிட்டே சம்பாதித்தவர். சாமியைக் கும்பிடுகிறவன்கூட இவ்வளவு மண்டி போட்டிருக்க மாட்டான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். கேட்டுச் சிரிக்க மனைவி இருந்தவரை அப்படிச் சொன்னார். அப்புறம் அந்த வேடிக்கைப் பேச்சு அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

முதலில் சிமெண்ட் சுமக்கும் ஆளாகத்தான் கட்டடத்துக்குள் போனார். மட்டம் பார்க்கிற கண் அவருக்கு இருக்கிறது என்று ஒரு கொத்தனார் கண்டுபிடித்து டைல்ஸ் வேலையில் இழுத்துவிட்டார். அதிலிருந்து ஊர் முழுக்க மற்றவர்கள் வீட்டுத் தரைதான் வாழ்க்கை. அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. அறையின் உள்கோடியில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்து சேர வேண்டும். கடைசிக் கல்லை ஒட்டியதும் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். பிறகு அந்த வீட்டில் கட்டில் போடுவார்கள், குழந்தை தவழும், சண்டை நடக்கும். அதெல்லாம் அவர் பார்த்ததில்லை.

அவர் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு சின்ன முற்றம். தரை வெறும் சிமெண்ட். நடுவில் விரிசல் விட்டு ஆறு மாதிரி ஓடும். மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாளெல்லாம் நின்ற காலோடு வீட்டுக்கு வந்து அந்த விரிசலைக் கூட்டும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடுவார். ஊரான் வீட்டுத் தரையெல்லாம் மினுக்குகிற கைக்குச் சொந்த வீடு மட்டும் கண்ணில் படாதா என்பதுதான் பாட்டின் சாரம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவரும் இழுத்தடித்தார். ஒரே மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபிறகுதான் அந்த வருஷம் வந்தது.

மனைவி கடைக்கு வந்து தானே டைல்ஸ் தேர்ந்தெடுத்தார். வெள்ளை. முகம் தெரிகிற அளவு பளபளப்பு. இது வழுக்கும் என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

"வழுக்கட்டும். நான் என்ன இனிமே ஓட்டப்பந்தயத்துக்கா போகப்போறேன்?" என்றார் மனைவி.

வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவர் எந்தத் தரையும் போட்டதில்லை. வீட்டுக்காரர்கள் கொடுக்கிற கெடு இல்லை, மேற்பார்வைக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் கலவையை விளிம்புவரை பரப்பி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்காரவைத்தார். வேலை முடிந்த அன்று மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளிச்சம் தரையில் விழுந்து சுவர்வரை போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம் தினமும் காலையில் அதைத் துடைப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. கடையிலிருந்து களைத்து வந்தாலும் இன்னொரு தடவை துடைப்பார்.

நாய் வந்தது அதற்குக் கொஞ்சநாள் முன்னால். ஒரு கட்டடத்தில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த குட்டி. பெரிய ஜாதிக் கலப்பு, எலும்பெல்லாம் தடி தடியாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து மனைவி மடியில் விட்டார். தூங்கினால் போட்டது போட்டபடி கிடந்ததால் மனைவி அதற்கு மூட்டை என்று பேர் வைத்தார். கொண்டுவந்தவர் இவர் என்றாலும் நாய் மனைவியுடையது. அவர் காலடியில் படுக்கும், அவர் பின்னாலேயே முற்றத்துக்குப் போகும். சாயங்காலம் இவர் வண்டிச் சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்தால் அதுவும் கூட வந்து வாலாட்டும். அவள் வருகிறாள், அதனால் அதுவும் வருகிறது என்று இவர் நினைத்துக்கொள்வார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

மனைவி போனது ஒரு காய்ச்சலில். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது திரும்பி வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. மகள் வந்து கொஞ்சநாள் கூட இருந்தாள். தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சினாள். அவள் இருந்தது மாடிக் குடியிருப்பு; நாய் வளர்க்க அங்கே அனுமதி கிடையாது. மூட்டையை யார் பார்ப்பார்கள் என்று இவர் கேட்டார். மகள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கிளம்புகிற அன்று வீடு முழுக்கத் துடைத்துவிட்டு, அம்மா வைத்திருந்த மாதிரியே தரையை வைத்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

பிறகு வீட்டில் அவரும் நாயும்தான். வேலையிலிருந்து வந்து ஏதோ ஒன்றைச் சமைப்பார். சமையலறை வாசற்படியில் தட்டோடு உட்காருவார். மூட்டை பக்கத்தில் வந்து உட்காரும். இவர் ஒரு வாய், அது ஒரு வாய். அந்த நாளில் அவர் பேசுகிற பேச்செல்லாம் அப்போதுதான். எந்த வீட்டில் என்ன வேலை, எந்த வீட்டுக்காரர் இன்ன நிறம் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினார் என்று சொல்லிக்கொண்டே ஊட்டுவார். அது மென்று முடித்துவிட்டு அடுத்த வாய்க்குப் பார்க்கும். கேட்கிற மாதிரியே இருக்கும். எதிர்வீட்டுத் தையற்காரரும் தன் பங்குக்குப் போகும்போதும் வரும்போதும் பிஸ்கட் போடுவார். மூட்டை பேருக்கேற்றபடி பெருத்தது.

ஒரு கட்டத்தில், இவர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் நாய் எழுந்து வருவது நின்றுபோனது. படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கிப் பார்க்கும். வாலை ஒருதடவை தரையில் தட்டும். மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொள்ளும். காலையில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. முற்றத்துப் படியில் இறங்காமல் நின்று யோசித்தது. இடுப்பை ஈரத்துணியால் துடைக்கப் போனால் உறுமியது. அதற்குமுன் அவரைப் பார்த்து அது உறுமினதே இல்லை.

அவர் அதைத் தன்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டார். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் இவர். திரும்பி வந்தபோது தனியாக வந்தவரும் இவர். நாய்க்கு அது தெரியாதா என்ன என்று மனசுக்குள் ஓடியது. வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது, உள்ளே ஓர் உயிர் படுத்துக்கொண்டு தன்னைப் பார்ப்பதும் எழுந்து வராமலிருப்பதும் அவரைக் குடைந்தது. மகளிடம் போனில், அதற்கு என்னைப் பிடிக்கவில்லை என்று ஒருநாள் சொன்னார். அம்மாவைத் தேடுகிறது, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றாள் அவள்.

ஒரு விடுமுறை நாளில்தான் அது எழுந்திருக்கப் படுகிற பாட்டை முழுசாகப் பார்த்தார். முன்னங்கால் இரண்டையும் ஊன்றிவிட்டது. பின்பக்கம் கிளம்பவில்லை. கிளம்பினபோது பின்னங்கால்கள் வெள்ளைக் கல்லில் எண்ணெய் விட்டது மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின. மறுபடி உட்கார்ந்தது. மறுபடி முயன்றது. எழுந்து நின்றபோது அதன் முகம் இருந்த விதம் அவருக்குத் தெரிந்த விதம். மண்டியிட்டு வேலை செய்துவிட்டு நிமிரும்போது தன் முகம் எப்படி இருக்குமென்று வீட்டுக்காரர்கள் ஒருத்தர் விடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்கும் கால்வலியா என்று கேட்டுக்கொண்டே தன் முழங்கால் மாத்திரையில் பாதியை உடைத்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் பங்கு போட்டுத் தின்கிற வீட்டில் மாத்திரைக்கு மட்டும் தனிக் கணக்கா என்ன? மறுநாள் நாய் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. தினமும் கொடுத்தார்.

ஒரு வாரம் போவதற்குள் மூட்டை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அடுத்த நாள் காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக வாந்தி எடுத்தது. மலமும் கருகருவென்று போனது. ஈறெல்லாம் வெளிறியிருந்தது. டைல்ஸ் கடையின் சரக்கு வண்டி டிரைவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகப் போர்வையில் வைத்துத் தூக்கி, டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி, கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது உங்களுக்கு மருந்து. அதுக்கு விஷம். வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் கசியுது. இனிமே மனுஷங்க சாப்பிடற எந்த வலி மாத்திரையும் பக்கத்துலகூட கொண்டுபோகாதீங்க."

நாயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சலைன் ஏறியது. இவர் வேலைக்குப் போகாமல் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார், போனார். இறக்கை ஒடிந்த கிளியோடு ஒரு குடும்பமே வந்தது. உங்களுக்கு என்ன என்று யாரோ கேட்டதற்கு, நாய்க்கு நானே விஷம் வைத்துவிட்டேன் என்று பதில் சொன்னார். கேட்டவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மூட்டை பிழைத்தது. தேறிய பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுப் பதிவுச் சீட்டைப் பார்த்தார்.

"பேரு மூட்டையா?"

"ஆமாங்க."

"மூட்டைக்கு மூட்டுத் தேய்மானம்" என்றார் டாக்டர். சொன்னபிறகுதான் அவருக்கே அது விளங்கி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. இவருக்கும் வந்தது. மனைவி இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பாள் என்று நினைத்தார். சிரிப்பு அத்தோடு நின்றது.

இடுப்புக் கிண்ணத்தில் தொடையெலும்பின் தலை உருண்டையாக உட்கார வேண்டும். இதற்கு அது சப்பையாகி, விளிம்பில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. நடுவில் மெத்தை மாதிரி இருக்கவேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. பெரிய நாய்களுக்குப் பிறவியிலேயே இடுப்பு சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு, வயசும் எடையும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார். தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் வலியில்லாமல் நாளை ஓட்டவைக்க முடியும். பேசிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில், நீங்கள் வீட்டுக்கு வரும்போது எழுந்து வருகிறதா என்று கேட்டார்.

"முன்னாடி வரும். இப்ப வர்றதில்லீங்க. என் மேல அதுக்குக் கோபம்" என்றார் இவர்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கோபமெல்லாம் இல்லீங்க. எழுந்தா வலிக்குது. வழுக்கற தரையா இருந்தா எழுந்துக்கவே பயப்படும். வரணும்னு அதுக்கு ஆசையா இருந்திருக்கும், முடிஞ்சிருக்காது."

இவர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் சைக்கிளும்தான் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் காரியம் எடை குறைய வேண்டும். ஒவ்வொரு கிலோவும் அந்த இடுப்பில்தான் உட்காருகிறது. தட்டிலிருந்து ஊட்டக் கூடாது, அளந்து வைக்க வேண்டும். வயிறு முழுசாக ஆறின பிறகு நாய்க்கென்றே உள்ள வலி மருந்து எழுதித் தருவார். அளவை இவர் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரேயடியாக நீள நடை வேண்டாம். மண் தரையில் கொஞ்ச கொஞ்சமாக, வாரைப் பிடித்தபடி, தினமும். நடக்காமல் போட்டுவிட்டால் சதை வற்றி இன்னும் மோசமாகும். கனமான மெத்தை. நகத்தை வெட்டி, பாதத்து மயிரையும் கத்தரித்துவிட வேண்டும். கடைசியாக, தரை. அதற்குப் பிடிமானம் வேண்டும். விரிப்பு போட்டாலே போதும் என்றார். தரை எப்படிப்பட்டது என்று கேட்டார். நானே போட்டதுதான், முகம் தெரியும் என்றார் இவர்.

சொன்னதையெல்லாம் செய்தார். அதில் சாப்பாடுதான் அவரை வாட்டியது. மூட்டைக்கு அளந்து வைத்த சாப்பாடு நாலு வாயில் காலியாகிவிடும். பிறகு தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு முன்னால் தொண்டையில் இறங்காது. கடைசியில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார். கதவின் அடியிடுக்கில் ஒரு மூக்கு தெரியும். பெருமூச்சு கேட்கும். கட்டிக்கொண்டவளைத் தவிர வேறு யாரோடும் அவர் நெருங்கிச் சாப்பிட்டதில்லை. அவளுக்குப் பிறகு இந்த ஒன்றோடுதான். இப்போது அதுவும் கதவுக்கு அந்தப் பக்கம். சில நாட்கள் கதவைப் பார்த்தே பேசினார். தன் காதுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்ததால் விட்டுவிட்டார். பிறகு சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, வெறுங்கையோடு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது என்று வைத்துக்கொண்டார்.

தையற்காரரிடம் போய் இனி பிஸ்கட் வேண்டாம் என்று சொன்னார். ஒரு பிஸ்கட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவர் முகத்தைச் சுளித்தார். அதற்கப்புறம் இவரைப் பார்த்தால் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாகிவிடுவார்.

விரிப்புகள் வாங்கிப் போட்டார். ரப்பர் விரிப்பு கொஞ்சம், பழைய கோணிப்பை கொஞ்சம். மூட்டை அவற்றின்மேல் நன்றாகவே நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான், ஓடையில் கல்விட்டுக் கல் தாண்டுகிற மாதிரிக் கணக்குப் போட்டுக் கால் வைத்தது. மருந்தும் வேலை செய்தது. சரி, இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவரும் இருந்தார்.

ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது நாய் நடு அறையில் இருந்தது. விரிப்பு ஒன்று விலகி, இரண்டுக்கும் இடையில் வெறும் வெள்ளைக் கல். அதில் நாலு காலும் நாலு திசையில் விரிந்து, வயிறு தரையில் ஒட்டிக் கிடந்தது. எப்போது விழுந்ததோ. அதன் கீழே மூத்திரம் பரவிக் காய்ந்து, மறுபடி பரவியிருந்தது. தன் இடத்தைத் தானே நனைத்துக்கொண்ட வெட்கத்தில் அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குனிந்து அதன் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கும்போது, கண்ணாடி மாதிரியான கல்லில் இருவர் முகமும் தெரிந்தன. அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னார்.

"அம்மாவோட தரையையா பேர்க்கப் போறீங்க?" என்றாள் மகள். "நாய்க்காகவா, அப்பா?"

"அது அங்க விழுந்து கிடந்துச்சும்மா."

"வீடு பூரா விரிப்பு போடுங்க. நான் பணம் அனுப்பறேன். அம்மா அதைத் தினம் துடைச்சாங்கப்பா. வேற என்ன இருக்கு அங்க, அவங்க ஆசைப்பட்டு வாங்கினது?"

நினைத்துப் பார்த்தால் அவள் சொன்னது நிஜம்தான். மனைவி ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மறுநாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்து வைத்தார். மூட்டையை முற்றத்தில், தகரத்தின் நிழலில் மெத்தை போட்டு விட்டார்.

பழைய தரையைப் பெயர்க்கும்போது, எந்தக் கல் அடியில் பிடிக்காமல் இருக்கிறதென்று தட்டிப் பார்த்து, பொய்யாக ஒலிக்கிற கல்லில் ஆரம்பிப்பார்கள். அதை நெம்பினால் அடுத்ததுக்கு வழி கிடைக்கும். அவர் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். இந்த அறை முடிந்தது, அடுத்த அறையும் முடிந்தது. ஒரு கல்கூடப் பொய்யாக ஒலிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் நட்டநடுவில் உளியை வைத்தார். ஓங்கின கை உடனே இறங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு அடித்தார்.

மற்றவர் வீட்டில் ஆள் வைத்துச் செய்கிற வேலையைத் தனியாகவே செய்தார். எந்தக் கல்லும் முழுசாக வரவில்லை. எல்லாம் சில்லு சில்லாகத்தான் வந்தன. முழங்கால் வீங்கியது. புழுதி படிந்து வீடே மாவு மில் மாதிரி ஆனது. அவ்வப்போது வெளியே போய் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டு வருவார். அது அவர் கையில் இருந்த வெள்ளைப் புழுதியை முகர்ந்து தும்மும். இடிசல்களைச் சரக்கு வண்டி டிரைவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். எங்கேயோ பள்ளமான சாலைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள், அங்கே கொட்டினார்.

புதுத் தரைக்கு, மழையில் நனைகிற வாசல்களுக்குப் போடுகிற சொரசொரப்பான சாம்பல்நிறக் கல் எடுத்தார். காலை வைத்தால் பிடிக்கும். வெளிச்சம் விழுந்தால் அங்கேயே அடங்கிவிடும், சுவர்வரை போகாது. சமையலறையில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து, வழக்கம்போல வாசலுக்கு வந்து சேர்ந்தார். இந்தத் தடவை வெளியே போகவேண்டியதில்லை. இந்த வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான்.

கலவை இறுகியபிறகு மூட்டையை உள்ளே கூட்டிவந்தார். வாசலிலேயே நின்றது. ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்து அழுத்திப் பார்த்தது. பிறகு உள்ளே போய், சுவரோரமாக இல்லாமல் அறையின் குறுக்கே நடந்து, பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்தினார். உள்ளே நகம் தரையில் உரசுகிற சத்தம். கதவைத் திறந்தால் எதிரே மூட்டை. மெதுவாகத்தான் வந்திருந்தது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் எழுந்து வந்துவிட்டது. அவர் சாமான் பையைத் தோளிலிருந்து இறக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே போக நேரமாயிற்று.

மகள் பள்ளி விடுமுறை சமயத்தில் வந்தாள். தன் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசலைத் தாண்டியதும் நின்றாள். சாம்பல் தரையைப் பார்த்தாள். மூட்டை எழுந்து அவளிடம் போனது. அதைத் தடவிக்கொடுத்தாள். இளைத்திருக்கிறது என்றாள். டாக்டர் காட்டிக்கொடுத்த மாதிரித் தொடைச் சதையை உருவிவிடுவது எப்படி என்று இவர் செய்துகாட்டினார். அவளும் உட்கார்ந்து செய்தாள். இப்படியே ஒருநாள் போனது. அடுத்த நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அந்தக் கல்லெல்லாம் எங்கப்பா?"

ரோட்டுப் பள்ளத்துக்குப் போய்விட்டதென்று இவர் சொன்னார்.

"ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா?"

"முழுசா எதுவும் வரலம்மா."

"உடைஞ்சதா இருந்தா என்ன? ஒரு துண்டு வெச்சிருக்கலாமே."

அவருக்கு அது தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்க இடிசலை அள்ளி வெளியே கொட்டியவர். உடைந்த கல்லை ஒருத்தர் எடுத்து வைத்துக்கொள்வார் என்பது அவர் யோசனைக்கு எட்டாத சங்கதி. அதை மகளிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். கழுவி முடித்தபிறகும் குழாயை மூடாமல், முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்பநேரம் நின்றாள். கிளம்பும்போது மருந்துச் செலவுக்கென்று பணம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் அவளுக்குக் குறையாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமை போன்கள் சுருங்கின. நல்லா இருக்கீங்களா, இருக்கேன், மூட்டை எப்படி இருக்கு, இருக்கு. பேசின நேரத்தைவிட போனை வைப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. தரையைப் பெயர்த்த அன்று முதல் கல்லை உடைக்கக் கை வரவில்லை என்பதைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் அது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

குளிர்காலம் மூட்டைக்கு ஆகவில்லை. ஈரக்காற்று அடிக்கிற காலைகளில் எழுந்திருக்க மறுபடி சிரமப்பட்டது. டாக்டர் ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு மருந்தைக் கொஞ்சம் மாற்றினார். இவர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, முதலில் தன் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அதன் இடுப்பில் வைப்பார். அது ஆறியதும் மறுபடி நிரப்பித் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். நல்ல நாட்களில் பக்கத்துப் பள்ளியின் மண் மைதானத்துக்குப் போவார்கள். வேகமாக நடக்கிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு பேருக்கும் சரியான வேகம் ஒன்றே என்பதால் வாரை இழுக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை. மூட்டை இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று டாக்டரிடம் ஒருதடவை கேட்டார். நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட அதிகமாக இருக்கிறவரை கவலைப்படாதீர்கள் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர், அன்று முதல் ஒவ்வொரு நாளும் இது எந்தப் பக்கம் சேர்ந்த நாள் என்று மனசுக்குள் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

குளிர் முடிகிற சமயத்தில், ஞாயிறு அல்லாத ஒருநாள் மகளின் போன் வந்தது. பதறித்தான் எடுத்தார். அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறிவில்லை, வீக்கம்தான். தரையை மாற்றப்போகிறார்கள். என்ன கல் போடவேண்டும் என்று கேட்டாள். இவர் சொன்னார். எந்தப் பக்கம் சரிவு விடவேண்டும், கல் ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் அழுக்குப் பிடிக்கும், கையால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். ரொம்பநாளாக அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"நீங்களே வந்து போட்டுக் குடுங்களேன்ப்பா" என்றாள்.

போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டைக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும், இரண்டு நாள் பஸ்ஸிலும் வேலையிலுமாகப் போய்விடும், அதுவரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதைத்தான் சொன்னார். முன்பானால் இந்த இடத்தில் அவள் குரல் மாறியிருக்கும். இப்போது சரி என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, அதைத் தனியா விட்டுட்டு வராதீங்க என்றாள்.

அப்போதுதான் அவர் சொன்னார்.

"முதல் கல்லை உடைக்கறதுக்கு எனக்குக் கை வரலம்மா. எழுந்து போயிட்டேன்."

மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டு அனத்துவதும், பாத்திரம் நகர்வதும் கேட்டன. அவள் போனை வைத்துவிடவில்லை என்பது தெரிந்ததால் அவரும் வைக்கவில்லை. பிறகு அவள், டைல்ஸ் போடுகிறவர் வந்ததும் போன் போட்டுத் தருகிறேன், சரிவு பற்றி அவரிடம் நேராகச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார்.

மூட்டை எழுந்து பின்கதவுப் பக்கம் போய் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். போனைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்துவிட்டார்.